ஒவ்வொரு நிரையையும் தனித்தனியே கலைத்தல்

ஒரு வயலை 6 பிளாக்குகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பிளாக்கிலும் 5 பாத்தி. 5 பாத்திக்கும் 5 வகை உரம். அறுவடை முடிந்ததும் கையில் இருப்பது 6 நிரை, 5 நிரல் கொண்ட ஓர் அணி. நிரை என்பது பிளாக், நிரல் என்பது உரம், உள்ளே இருப்பது கிலோ கணக்கில் விளைச்சல். உரங்களுக்குள் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு பிளாக்குக்குள் வந்த 5 எண்களும் எந்த உரத்தின் கீழ் வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். எனவே ஒவ்வொரு நிரையையும் தனித்தனியே கலைத்து, உரவாரிக் கூட்டுத்தொகைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கலாம். இதைத் திரும்பத் திரும்பச் செய்து, உண்மையில் கிடைத்த விலகலோடு ஒப்பிட்டால் அது வரிசைமாற்றச் சோதனை. ஒரு நிரைக்கு 5! = 120 வழிகள். 6 நிரைக்கும் சேர்த்து 120-இன் ஆறாம் அடுக்கு, கிட்டத்தட்ட 3 லட்சம் கோடி. அத்தனையையும் எண்ணத் தேவையில்லை, 10,000 மாதிரி எடுத்தால் போதும்.

நிரைக்குள் கலைப்பது என்ற வேலை புள்ளியியலில் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது. இதைப் புரோகிராமில் எழுதும்போது முதலில் தவறுவது வேகம் அல்ல, பொருள்தான்.

பைதான் மொழியின் எண்கணக்குத் தொகுப்பான நம்பையில் ‘ஷஃபிள்’ என்ற ஃபங்ஷனிடம் ஓர் இருபரிமாண அணியைக் கொடுத்தால் அது நிரைகளை மேலும் கீழுமாக இடம் மாற்றும். நிரைக்குள் ஓர் எண்கூட அசையாது. சரி, ஆக்ஸிஸ் 1 (கலைக்கும் திசை; 0 என்றால் நிரைகள், 1 என்றால் நிரல்கள்) என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். அப்போது நிரல்கள் முழுமுழுதாக நகரும். 6 நிரையும் ஒரே மாதிரி மாறும். மேலே சொன்ன சோதனையில் இவை இரண்டுமே ஒரே விளைவைத் தரும். நிரைகள் இடம் மாறினால் நிரல்களின் கூட்டுத்தொகை மாறாது. நிரல்கள் ஒட்டுமொத்தமாக இடம் மாறினால் அதே 5 கூட்டுத்தொகைகள் வேறு வரிசையில் வரும். விலகலை அளக்க அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் விடை அதேதான். ஆக 10,000 முறை கலைத்தும் 10,000 முறையும் அசல் எண்ணே திரும்ப வரும், பி மதிப்பு, அதாவது அசலுக்குச் சமமாகவோ மேலாகவோ விலகியவற்றின் பங்கு, 1 என்று அச்சாகும். பிழைச்செய்தி எதுவும் வராது. உரத்தால் பயனில்லை என்று யாரோ அறிக்கை எழுதிவிடுவார்கள்.

இதற்கு நேரெதிர்த் தவறு, அணி முழுவதையும் ஒரே பட்டியலாக விரித்துக் கலைத்து மறுபடி 6 × 5 ஆக மடிப்பது. இதில் பி மதிப்பு நம்பும்படியாகவே வரும் என்பதால் ஆபத்து கூடுதல். நல்ல மண் உள்ள பிளாக்குக்கும் மோசமான மண் உள்ள பிளாக்குக்கும் இருந்த வேறுபாடு இப்போது உரங்களுக்குள் கசிந்துவிடும். கலைத்துக் கிடைக்கும் விலகல்கள் தேவையில்லாமல் அகலமாகப் பரவும். உண்மையான உர வேறுபாடு அதற்குள் மறைந்துபோகும். பிளாக் பிரித்த உழைப்பு முழுவதும் ஒரு வரி புரோகிராமில் வீணாகிறது.

நம்பையில் இதற்குச் சரியான ஃபங்ஷனின் பெயர் ‘பெர்மியூட்டட்’. 2021 ஜனவரியில் வந்த 1.20 பதிப்பிலிருந்து இருக்கிறது, ரேண்டம் எண்களைத் தர 1.17-இல் வந்த புதிய ஜெனரேட்டர் பொருளின் மெத்தட் இது, பழைய பாணியில் நேரடியாக அழைக்கும் ரேண்டம் தொகுப்பில் கிடையாது. ஆக்ஸிஸ் 1 என்று கொடுத்தால் ஒவ்வொரு நிரையும் மற்றதைச் சாராமல் கலையும். மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. ஆக்ஸிஸ் சொல்லாமல் விட்டால் அது அணி முழுவதையும் விரித்துக் கலைக்கும், அதாவது மேலே சொன்ன கசிவுத் தவறு. இரண்டாவது, அது புதிய நகலைத் திருப்பித் தருகிறது. வாங்கி வைக்காவிட்டால் பழைய அணி அப்படியே இருக்கும். அதே இடத்தில் மாற்ற வேண்டுமானால் ‘அவுட்’ என்ற இடத்தில் அதே அணியைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, ‘ஷஃபிள்’ இதற்கு நேர்மாறு: அது இருக்கும் இடத்திலேயே மாற்றிவிட்டு எதையும் திருப்பித் தராது. அதன் விடையை அணியின் பெயரிலேயே வாங்கினால் அணி போய்விடும், ஒன்றுமில்லை என்று பொருள்படும் ‘நன்’ மட்டும் மிஞ்சும்.

10,000 மாதிரிக்கு 10,000 முறை அழைக்கவும் வேண்டாம். 6 × 5 அணியை 10,000 முறை அடுக்கி 10,000 × 6 × 5 என்ற முப்பரிமாண அணியாக்கி, கடைசி ஆக்ஸிஸில் ஒரே அழைப்பில் கலைக்கலாம். 3 லட்சம் எண்கள், 8 பைட் வீதம் 2.4 எம்பி, ஒன்றுமே இல்லை. பிளாக் ஆக்ஸிஸில் கூட்டினால் 10,000 × 5, வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 10,000 விலகல்கள். 10 லட்சம் மாதிரி வேண்டுமென்றால் 240 எம்பி ஆகும். அதை 50,000 வீதம் துண்டாக்கிச் செய்வது நல்லது. கடைசியில் பி மதிப்பு எடுக்கும்போது, அசலுக்குச் சமமாகவோ மேலாகவோ வந்தவற்றின் எண்ணிக்கையோடு 1 கூட்டி 10,001-ஆல் வகுக்க வேண்டும். அசல் வரிசையும் சாத்தியமான வரிசைகளில் ஒன்றுதானே. சமமா என்று பார்க்கும்போது தசம எண்கள் ஏமாற்றும். ஒரே எண்களை வேறு வரிசையில் கூட்டினால் கடைசி இலக்கம் மாறும்; சமமாக இருக்க வேண்டியது சற்றே குறைவாகி எண்ணிக்கையில் சேராமல் போகும். அசல் மதிப்பிலிருந்து அதன் நூறு கோடியில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பெர்மியூட்டட் உள்ளே செய்வது ஃபிஷர்-யேட்ஸ் முறை. இந்த இரண்டு பெயர்களும் மேலே சொன்ன வயலிலிருந்து வந்தவைதான். ரொனால்ட் ஃபிஷர் 1919 முதல் 1933 வரை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்தவர். பிளாக்குக்குள் ரேண்டமாக உரத்தை ஒதுக்கும் முறையை நிலைநாட்டியவர். ஃபிராங்க் யேட்ஸ் அவருக்குப் பின் அங்கே புள்ளியியல் துறைத் தலைவரானார். இருவரும் 1938-இல் வெளியிட்ட புள்ளியியல் அட்டவணை நூலில், காகிதத்தில் எண்களை ஒவ்வொன்றாக அடித்து ரேண்டம் வரிசை எடுக்கும் வழி இருந்தது. அதைக் கணினிக்கு ஏற்ற வடிவில், கூடுதல் இடம் இல்லாமல், நீளத்துக்கு நேர்விகிதமான வேலையில் முடியும்படி 1964-இல் எழுதியவர் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட்.

முறை சிறியது. நிரையின் கடைசி இடத்தில் தொடங்கு. அந்த இடத்தையும் சேர்த்து அதுவரை உள்ள இடங்களில் ஒன்றை ரேண்டமாகத் தேர்ந்தெடு. இரண்டையும் இடம் மாற்று. ஓர் இடம் முன்னே வா. முதல் இடம் வரும்வரை இதையே செய். 1,000 உறுப்புக்கு 999 ரேண்டம் எண், 999 இடமாற்றம். இதைவிடக் குறைந்த வேலையில் சரியாகக் கலைக்கும் வழியைத் தேட வேண்டியதில்லை. ஆனால் இவ்வளவு சின்ன முறையில் தவறு செய்ய மூன்று இடங்கள் இருக்கின்றன. சி, சி++, அல்லது பைதான் ஃபங்ஷன்களைக் கம்பைல் செய்யும் நம்பாவில் கையால் எழுதுபவர்கள் அடிக்கடி மாட்டுவது இவற்றில்தான்.

முதலாவது, ஒவ்வொரு படியிலும் நிரை முழுவதிலிருந்தும் ஓர் இடத்தைத் தேர்வது. பார்க்க இன்னும் நன்றாகக் கலைப்பது போலிருக்கும். 3 உறுப்புக்கு இது 3 × 3 × 3 = 27 சமவாய்ப்புள்ள பாதைகளைத் தரும்; சேர வேண்டிய வரிசைகளோ 6. 27 ஆறால் வகுபடாது. அதனால் மூன்று வரிசைகள் 27-க்கு 5 முறையும், மற்ற மூன்று 27-க்கு 4 முறையும் வரும். சமமாக இருக்க வழியே இல்லை. எவ்வளவு நல்ல ரேண்டம் எண் கொடுத்தாலும் இது தீராது.

இரண்டாவது, ‘அந்த இடத்தையும் சேர்த்து’ என்பதில் ஒன்று குறைந்துபோவது. அப்போது எந்த உறுப்பும் தன் பழைய இடத்திலேயே தங்க முடியாது. 5 உறுப்புக்கு 120 வரிசைகளில் 24 மட்டுமே வரும். இது 1986-இல் சட்டோலோ வெளியிட்ட, ஒரே சுழலான வரிசைகளை மட்டும் உண்டாக்கும் முறை. அது தேவைப்படும் இடங்களும் உண்டு, ஆனால் இங்கே அது பிழை.

மூன்றாவது, ரேண்டம் எண்ணை நீளத்தால் வகுத்து மீதியை எடுப்பது. 0 முதல் 32,767 வரை தரும் ஒரு ஜெனரேட்டரில் 1,000-ஆல் வகுத்த மீதியை எடுத்தால், 0 முதல் 767 வரையுள்ள இடங்களுக்கு 33 வாய்ப்பு, 768 முதல் 999 வரை 32 வாய்ப்பு. 3 விழுக்காடு சாய்வு. 64 பிட் ஜெனரேட்டரில் இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். ஆனாலும் வகுத்தல் மெதுவான வேலை. டேனியல் லெமியர் 2019-இல் வெளியிட்ட முறை பெருக்கி மேல்பாதியை எடுக்கிறது, அரிதாகவே வகுக்கிறது, சாய்வும் இல்லை. கையால் எழுதுவதாக இருந்தால் அதை எழுதுங்கள்.

கலைக்க இன்னொரு குறுக்குவழி, சிறியது முதல் பெரியது வரை அடுக்கும் ஃபங்ஷனிடம் ‘எது பெரியது என்று கேட்டால் ரேண்டமாகப் பதில் சொல்’ என்று கொடுப்பது. ஜாவாஸ்கிரிப்டில் இன்றும் காணக் கிடைக்கிறது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியப் பயனர்களுக்காக மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிரவுசர் தேர்வுத் திரையில் 5 முன்னணிப் பிரவுசர்களின் வரிசையை இப்படித்தான் கலைத்தார்கள். இடங்கள் சமமாகப் பகிரப்படவில்லை என்பது சில நாட்களில் வெளியே தெரிந்து, பின்னர் திருத்தினார்கள். அடுக்கும் முறைகள் ஒப்பீடு முரண்படாது என்று நம்பி எழுதப்பட்டவை. ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாகப் பொய் சொன்னால் விடை அந்த முறையின் உள்கட்டமைப்பைப் பொறுத்துச் சாயும்.

சரியான அடுக்கு வழி வேறு. ஒவ்வோர் உறுப்புக்கும் முன்கூட்டியே ஒரு ரேண்டம் எண்ணைச் சாவியாகக் கொடுத்து, சாவிகளை நிரைவாரியாக அடுக்கி, அந்த வரிசையிலேயே உறுப்புகளை எடுப்பது. சாவிகள் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும்வரை எல்லா வரிசைகளும் சமவாய்ப்பு. மேட்லேப் என்ற கணக்கீட்டு மொழி, பைடார்ச் என்ற பைதான் தொகுப்பு போன்ற இடங்களில் நிரைவாரியாகக் கலைக்கத் தனி ஃபங்ஷன் இல்லை. ‘ரேண்ட்பெர்ம்’ ஒரே ஒரு வரிசையைத்தான் தரும். அங்கே இந்தச் சாவி முறைதான் கைகொடுக்கும். ஜாக்ஸ் என்ற பைதான் தொகுப்பில் மட்டும் ‘பெர்மியூட்டேஷன்’ ஃபங்ஷனில் ஆக்ஸிஸ் 1 என்று கொடுத்து, ‘இன்டிபென்டன்ட்’ என்பதை உண்மை என்று வைத்தால் நிரைவாரியாகவே கலைக்கும். அதை வைக்க மறந்தால் எல்லா நிரையும் ஒன்றுபோல் நகரும்.

மேட்லேப்பில் அணியின் அளவிலேயே ‘ரேண்ட்’ அணி எடுத்து இரண்டாம் பரிமாணத்தில் ‘சார்ட்’ செய்து, இரண்டாவது விடையாக வரும் சுட்டெண்களை வாங்க வேண்டும். இவை நிரைக்குள் எத்தனையாவது நிரல் என்று சொல்லும் எண்கள், அவ்வளவே. இதை அப்படியே அணிக்குள் போட்டால் மேட்லேப் அவற்றை முழு அணிக்கான சுட்டெண்களாக எடுத்துக்கொண்டு முதல் சில நிரல்களிலிருந்தே எல்லாவற்றையும் அள்ளிவரும். விடையின் அளவு சரியாக இருக்கும், உள்ளடக்கம் குப்பை. சரியான சுட்டெண்: நிரை எண், கூட்டல், நிரல் எண்ணிலிருந்து 1 கழித்து மொத்த நிரைகளால் பெருக்கியது. 2016-இன் இரண்டாம் வெளியீட்டிலிருந்து நிரை எண்களை ஒரு நிரலாக எழுதினால் தானாக விரிந்துகொள்ளும். நம்பையில் இதே வேலைக்கு ‘டேக் அலாங் ஆக்ஸிஸ்’, பைடார்ச்சில் ‘கேதர்’. இவற்றை விட்டுவிட்டு, ‘எல்லா நிரை, இந்த நிரல்கள்’ என்று முக்காற்புள்ளி போட்டு எடுக்க முயன்றால் ஒவ்வொரு நிரையும் மற்ற எல்லா நிரைகளின் சுட்டெண்களோடும் பெருகும். 1,000 × 1,000 அணிக்கு 100 கோடி உறுப்பு, 8 ஜிபி. கணினி திணறுவதைப் பார்த்தால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

ஆர் மொழியில் எல்லோரும் எழுதுவது ‘அப்ளை’யோடு ‘சாம்பிள்’. அப்ளை ஒவ்வொரு நிரையின் விடையையும் நிரலாக வைத்துத் தரும்; திருப்பிப்போட வேண்டும். அணி சதுரமாக இருந்தால் திருப்ப மறந்ததை அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மேலும் சாம்பிளுக்கு ஒரே ஓர் எண் போனால், அது 7 என்று வைத்துக்கொள்வோம், 1 முதல் 7 வரை கலைத்துக் கொடுத்துவிடும். எத்தனை நிரல் வரும் என்று தெரியாத புரோகிராமில் இது ஒருநாள் வெடிக்கும். லூப்பே இல்லாத வழி: ‘ஆர்டர்’ ஃபங்ஷனுக்கு முதல் சாவியாக நிரை எண்களையும் இரண்டாம் சாவியாக ‘ரன்இஃப்’ தரும் எண்களையும் கொடுத்து, வரும் சுட்டெண்களால் உறுப்புகளை எடுத்து, நிரைவாரியாக நிரப்பும்படி புதிய அணியாக்குவது.

சாவிகள் வேறுபட வேண்டும் என்றேன். நம்பையும் மேட்லேப்பும் தரும் 64 பிட் தசம எண்ணில் 53 பிட் ரேண்டம் இருக்கிறது. 1,000 உறுப்புள்ள நிரையில் இரண்டு சாவி ஒன்றாகும் வாய்ப்பு ஆயிரம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. மறந்துவிடலாம். ஆனால் பைடார்ச் இயல்பாகத் தருவது 32 பிட் தசமம், அதில் 24 பிட்தான். 1,000 உறுப்புள்ள நிரையில் ஏறத்தாழ 5 லட்சம் ஜோடிகள்; அவற்றை 1,67,77,216-ஆல் வகுத்தால் 0.03. அதாவது நூறில் மூன்று நிரைகளில் ஒரு சாவி இரட்டிக்கும். 5,000 நீளத்துக்குப் பாதிக்கு மேற்பட்ட நிரைகளில். இரட்டித்த இரண்டும் எந்த வரிசையில் வரும் என்பதை அடுக்கும் முறை தீர்மானிக்கும். பழைய வரிசையைக் காக்கும் முறையானால் அந்த ஜோடி கலையாமல் நிற்கும். மாடல் பயிற்சிக்கு இது ஒரு பொருட்டல்ல. புள்ளியியல் சோதனைக்கு 64 பிட் சாவி கேட்டு வாங்குவது ஒரு சொல் கூடுதலாக எழுதுவதுதான், எழுதிவிடுங்கள்.

அடுத்தது நினைவகம். 10,000 × 1,000 அணி, ஓர் உறுப்புக்கு 1 பைட் என்றால் அணி 10 எம்பி. சாவிகள் 80 எம்பி, சுட்டெண்கள் 80 எம்பி, விடை 10 எம்பி. 10 எம்பி தரவைக் கலைக்க 170 எம்பி கூடுதல். 500 நிரை வீதம் துண்டாக்கினால் கூடுதல் சுமை ஒரு நேரத்தில் 8 எம்பி அளவில் நிற்கும். இதுபோன்ற சிறிய முழு எண் தரவுக்கு எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு. 64 பிட் ரேண்டம் முழு எண்களை எடுத்து, ஒவ்வொன்றின் கீழ் 8 பிட்டை அழித்து, அங்கே உறுப்பின் மதிப்பையே வைத்துவிடுவது. பிறகு நிரைவாரியாக நேரடியாக அடுக்கி, கீழ் 8 பிட்டை மட்டும் எடுத்தால் கலைந்த நிரை கையில். சுட்டெண் அணி வேண்டாம், தாவித் தாவி எடுக்கும் வேலையும் வேண்டாம். 56 பிட் சாவி என்பதால் இரட்டிப்புக் கவலையும் இல்லை. 32 பிட்டில் இதே தந்திரத்தைச் செய்தால் சாவி 24 பிட்டாகிவிடும், அப்போது இரட்டித்த ஜோடியில் சிறிய மதிப்பு எப்போதும் முன்னே வரும். அது சாய்வு.

ஃபிஷர்-யேட்ஸா, சாவி முறையா என்பதை அணியின் வடிவம் தீர்மானிக்கட்டும். 1 கோடி உறுப்பு 10,000 நிரைகளாக இருந்தால் முதல் முறைக்கு 99,90,000 ரேண்டம் எண்கள். சாவி முறைக்கு 1 கோடி ரேண்டம் எண்களோடு, 1,000-க்கு ஏறத்தாழ 10 சுற்று அடுக்கு என்ற கணக்கில் 10 கோடி ஒப்பீடுகள். ஆகவே கம்பைல் ஆன ஃபிஷர்-யேட்ஸ் இருக்கும் இடத்தில் அதுவே முதல் தேர்வு. பைதானில் ஒரு நிரைக்கு ஓர் அழைப்பு என்று லூப் போட்டாலும், 1,000 உறுப்பு கொண்ட 10,000 நிரைகளுக்கு அந்த அழைப்புச் செலவு பெரிதாகத் தெரியாது. அதே 1 கோடி உறுப்பு 20 லட்சம் நிரை × 5 நிரல் என்றால் 20 லட்சம் அழைப்புகள். அங்கே லூப் நேரத்தைத் தின்றுவிடும். ‘அப்ளை அலாங் ஆக்ஸிஸ்’ பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம், உள்ளே இருப்பது அதே பைதான் லூப்தான்.

லூப் போடுகிறவர்கள் பைதானின் சொந்த ‘ரேண்டம்’ தொகுப்பில் உள்ள ஷஃபிளிடம் நம்பை அணியை மொத்தமாகக் கொடுக்கவே கூடாது. அது இரண்டு நிரைகளை இடம் மாற்ற முயலும்போது கையில் இருப்பவை நகல்கள் அல்ல, அதே நினைவகத்தைச் சுட்டும் பார்வைகள். ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, சில நிரைகள் இரட்டிக்கும், சில காணாமல் போகும். தரவு அழிகிறது, சத்தமில்லாமல்.

நிரை நினைவகத்தில் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதும் முக்கியம். 1,000 உறுப்பு 8,000 பைட். செயலியின் 32 கேபி முதல்நிலைக் கேஷ் என்ற வேக நினைவகத்துக்குள் சுகமாக அமர்ந்துவிடும், எவ்வளவு தாவினாலும் செலவில்லை. மேட்லேப், ஆர், ஜூலியா மூன்றும் நிரல்வாரியாகச் சேமிப்பவை. அங்கே 10,000 நிரை அணியில் ஒரு நிரையின் அடுத்தடுத்த உறுப்புகள் 80,000 பைட் தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 64 பைட் கேஷ் வரி ஒன்றை இழுக்க வேண்டும். அம்மொழிகளில் கலைக்க வேண்டியவற்றை ஆரம்பத்திலேயே நிரல்களாக வைத்துக்கொண்டு முதல் பரிமாணத்தில் வேலை செய்வதே நல்லது.

நிஜத் தரவில் நிரைகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. வாக்கியங்கள், நோயாளிப் பதிவுகள் போன்றவற்றில் குறைந்த இடத்தைக் காலி மதிப்பால் நிரப்பியிருப்பார்கள். அந்த இடங்களின் சாவியை 2 என்று மாற்றிவிடுங்கள். ரேண்டம் சாவிகள் எல்லாம் 1-க்குக் கீழே என்பதால் காலி இடங்கள் கடைசியிலேயே நிற்கும், மற்றவை மட்டும் கலையும். முதல் நிரல் அடையாள எண் என்றால் அதன் சாவிக்குக் கழித்தல் 1. இந்த வசதி சாவி முறைக்கே உரியது. ஃபிஷர்-யேட்ஸில் நிரைக்கு நிரை எல்லை பார்த்து எழுத வேண்டும். பெரும்பாலும் பூஜ்ஜியமே உள்ள அரிதணியாக இருந்தால் பூஜ்ஜியங்களைக் கலைக்கவே வேண்டாம்: ஒவ்வொரு நிரையிலும் எத்தனை மதிப்புகள் உண்டோ அத்தனை புதிய நிரல் எண்களைத் திரும்ப வராமல் தேர்ந்தெடுத்து, மதிப்புகளையும் கலைத்து அவற்றில் வைத்தால் அதே விளைவு. நிரை காலத்தொடர் என்றால் நிறுத்துங்கள். அடுத்தடுத்த நாள் வெப்பநிலை ஒன்றையொன்று சார்ந்தது; தனித்தனி எண்ணாகக் கலைத்தால் அந்தச் சார்பு அழிந்து, எதை எடுத்தாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு என்று சோதனை சொல்லும். அங்கே ஒவ்வொரு நிரையையும் ரேண்டமான தூரத்துக்குச் சுற்றி நகர்த்துவதுதான் வழக்கம்.

அடுத்து விதை எண், அதாவது ஜெனரேட்டர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் எண். நிரைவாரி லூப்பில் ஒவ்வொரு முறையும் அதே விதையோடு புதிய ஜெனரேட்டரை உருவாக்கினால் எல்லா நிரையும் ஒரே மாதிரிக் கலையும். மேட்லேப் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரே விதையில்தான் தொடங்குகிறது. 50 வேலைகளைத் தனித்தனி மேட்லேப்பில் ஓட்டினால் 50-உம் ஒரே கலைப்பைத் தரும். லினக்ஸில் பைதான் செயல்முறைகளை ஃபோர்க் செய்தால், அதாவது நகலெடுத்துப் பிரித்தால், நம்பையின் பழைய பொது ஜெனரேட்டர் நிலையும் நகலாகும், அதே கதை. நம்பாவுக்குள் ஓடும் ஃபங்ஷன் அந்தப் பழைய பாணி அழைப்புகளைப் பயன்படுத்தினால், வெளியே பைதானில் இட்ட விதை அதற்கு எட்டவே எட்டாது. தீர்வு: ஒரு தலைமை விதையிலிருந்து ‘ஸ்பான்’ மூலம் கிளை விதைகளை எடுத்து, 1,000 நிரைக்கு ஒன்று என்று நிலையான துண்டுகளுக்குக் கொடுங்கள். த்ரெட்டுக்கு ஒன்று என்று கொடுத்தால் 4 கோர் கணினியிலும் 16 கோர் கணினியிலும் விடை மாறும். அல்லது 2011-இல் வந்த ஃபிலாக்ஸ் போன்ற எண்ணி வகை ஜெனரேட்டரில் நிரை எண்ணையே சாவியாக வைக்கலாம்.

ஜெனரேட்டரின் நிலை அளவுக்கும் ஓர் எல்லை உண்டு. 32 பிட் விதை என்றால் 429 கோடி தொடக்கங்கள், 13! அதைத் தாண்டிவிடும். நம்பையின் இயல்பான ஜெனரேட்டர் 128 பிட், 34! வரை உள்ளடங்கும், 35! அடங்காது. சோதனைகளுக்கு இதனால் கேடில்லை. சூதாட்டத்துக்கும் குலுக்கலுக்கும் கேடுண்டு. 1999-இல் இணையப் போக்கர் ஒன்றின் கலைப்பு உடைந்தது இப்படித்தான்: நள்ளிரவிலிருந்து கடந்த மில்லிசெகண்டுகளை விதையாக்கியிருந்தார்கள், அது நாளொன்றுக்கு 8,64,00,000 மட்டுமே. பணம் புரளும் இடத்தில் இயங்குதளத்தின் பாதுகாப்பான ரேண்டம் மூலத்தைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

எழுதியதைச் சோதிக்க நீளமான நிரை வேண்டாம். 2,40,000 நிரை, 4 நிரல், ஒவ்வொரு நிரையும் 0, 1, 2, 3. கலைத்த பின் நிரைவாரியாக அடுக்கினால் பழையபடி வர வேண்டும். வராவிட்டால் தரவு தொலைந்திருக்கிறது. அடுத்து, பழைய இடத்திலேயே நிற்கும் உறுப்புகளை எண்ணுங்கள். நிரைக்குச் சராசரி 1 வர வேண்டும், நீளம் எதுவானாலும். ஒன்று குறைந்த பிழை இருந்தால் 0 வரும். இது மட்டும் போதாது. நிரையை வெறுமனே சுற்றி நகர்த்தினாலும் சராசரி 1 வரும், ஒவ்வோர் எண்ணும் ஒவ்வோர் இடத்துக்கும் சமமாகவே போகும், ஆனால் 24-இல் 4 வரிசைகளே கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு நிரையையும் நான்கடிமான எண்ணாக மாற்றி 24 வரிசைகளையும் எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 10,000-ஐ ஒட்டி, 100 அளவு திட்ட விலக்கத்தோடு வர வேண்டும். எண்ணிக்கைகள் எதிர்பார்ப்பிலிருந்து விலகுவதை அளக்கும் கைவர்க்கம் 23-ஐ ஒட்டி இருக்கும், 49.7-ஐத் தாண்டுவது ஆயிரத்தில் ஒரு முறை. கடைசியாக, அடுத்தடுத்த இரு நிரைகள் ஒரே வரிசையில் இருப்பது 24-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கிறதா பாருங்கள். விதைத் தவறுகள் பிடிபடுவது இதில்தான்.

முடிவுகளை வெளியிடுவதாக இருந்தால் விதை எண்ணை மட்டும் குறித்து வைப்பது போதாது. புதிய ஜெனரேட்டர் அடுத்த பதிப்பிலும் அதே எண்களைத் தரும் என்று நம்பை உறுதி சொல்வதில்லை. ஆர் மொழியும் 2019-இல் 3.6.0 பதிப்பில் சாம்பிளின் உள்முறையை மாற்றியது. பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். இன்னும் நல்லது, சுட்டெண்களையே சேமிப்பது: 65,536 நிரல்கள் வரை ஒரு சுட்டெண்ணுக்கு 2 பைட், 10,000 × 1,000 அணிக்கு 20 எம்பி.